சர்க்கரை இறங்கியும் ஆறாத கால்

அடியே,

இன்று காலை என் கிளினிக் லேபில் சாயப் புட்டி ஒன்று கவிழ்ந்தது. மேஜையெல்லாம் ஊதா. அந்த ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். கல்லூரி நாட்களில் உன் விரல்நுனி எப்போதும் அந்த நிறத்தில்தானே இருக்கும்? அதோடு மெஸ்ஸில் உட்கார்ந்து சோறு பிசைவாய். நான் முகம் சுளித்தால், "நமக்கு இதாண்டி மருதாணி" என்பாய். லேப் பெண் துடைத்து முடிக்கும்வரை எனக்கு வேலை ஓடவில்லை.

நீ போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு வருவது ஒன்றுதான்: உன்மேல் பொறாமை. அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மார்க்கில் நான்தான் முந்துவேன். ஆனால் மைக்ராஸ்கோப்பில் ஒரே ரத்தத்தை இருவரும் பார்த்தால் நான் எண்ணிக்கை சொல்வேன், நீ கதை சொல்வாய். "இந்த வெள்ளை அணுவப் பாரேன், யாரு மேலயோ கோவமா இருக்கு." பேராசிரியர் சிரித்துக்கொண்டே உன் பக்கம் திரும்புவார். படிப்பு முடிந்ததும் நான் தஞ்சாவூரில் சர்க்கரை நோய் டாக்டராக உட்கார்ந்தேன். நீ சென்னைக்குப் போய் அந்தக் கோபக்கார அணுக்களையே ஆராயப் புகுந்தாய். தொலைந்தாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் என் அம்மாவின் இடது கால் வந்தது.

நீடாமங்கலத்துப் பக்கம் ஊர் ஊராய் நடவுக்குப் போன கால். சோறு போடுகிற மண்ணைச் செருப்பால் மிதிக்கலாமா என்பாள், வரப்பிலும் வெறுங்கால்தான். சுண்டுவிரல் ஓரம் ஏதோ குத்தியது. சர்க்கரையில் மரத்துப்போன காலுக்கு அது தெரியவே இல்லை. புண்ணான பிறகு அழைத்து வந்து என்னோடு வைத்துக்கொண்டேன். இன்சுலின் போட்டேன், கழுவிக் கட்டினேன். சர்க்கரை அழகாக இறங்கியது. புண் மட்டும் ஆறவில்லை.

ஊரிலிருந்து பார்க்க வந்த அத்தனை பேருக்கும் ஒரே சந்தேகம்: அம்மா திருட்டுத்தனமாகப் பழையது சாப்பிடுகிறாள். நம் ஜனங்களின் வித்தைதான் தெரியுமே. சோதனைக்கு ரத்தம் கொடுக்க நாலு நாள் இருக்கும்போதே சோற்றை நிறுத்திவிட்டு, டாக்டரிடம் சபாஷ் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் பானையைத் திறப்பார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். அடுப்படியைப் பூட்டாத குறை.

விடுமுறைக்கு உன் சொந்த ஊரான கூத்தாநல்லூர் வந்த நீ என் வீட்டுக்கும் வந்தாய். தரையில் உட்கார்ந்து அம்மாவின் கணுக்காலில் விரலை வைத்து நாடி தேடினாய். நானும் தேடியிருக்கிறேன், லேசாக இருக்கிறது என்று விட்டிருந்தேன்.

"அம்மாவ ஏண்டி திட்டுற? சர்க்கரை எறங்கிடுச்சு. வெள்ளை அணு எறங்கலையே."

"அதென்ன கண்ணு?" என்றாள் அம்மா. என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி.

"ரத்தக்குழாய் செவத்துல கொழுப்பு படியும்மா. அத அள்ளத்தான் வெள்ளை அணு வருது. ரொம்ப நாளு சர்க்கரையில ஊறுனதுல அதுக்கு வெறி புடிச்சிருக்கு. அளவில்லாம முழுங்கி, உப்பி, அங்கயே படுத்துக்குது. தூர் வார வந்த ஆளே வாய்க்கால்ல படுத்துட்டா தண்ணி எப்படிம்மா கடைமடைக்குப் போவும்? சர்க்கரை எறங்குனாலும் அந்த வெறி லேசுல எறங்காது. காலுக்கு ரத்தம் போவுதான்னு மொதல்ல பாக்கணும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் பழையது திங்கலன்னு சொன்னேன்ல?"

நீ சொன்னபடி ஸ்கேன் எடுத்தோம். முழங்காலுக்குக் கீழே குழாய் அடைத்துக் கிடந்தது. அடைப்பை நீக்கினார்கள். சுண்டுவிரல் போனது, கால் தப்பித்தது. தெருவெல்லாம் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "இது அந்தப் புள்ள குடுத்த காலு." கழுவியது நான், கட்டியது நான், ஊசி போட்டது நான். பெயர் உனக்கு. பெற்றவள் வாயாலேயே அதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

மூளையில் ரத்தம் கசிந்து நீ ஒரே நாளில் போனபோது இந்த எரிச்சலும் போயிருக்க வேண்டும். போகவில்லை. நீ ஆராய்ந்த அணுக்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நீதான் வந்து சொல்ல வேண்டும்.

துக்கம் கேட்க உங்கள் வீட்டுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ வேண்டாமென்று அம்மா நடந்தே வந்தாள். உன் உம்மா, "யாரும்மா நீங்க?" என்றார்கள். அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கி இடது காலை முன்னால் வைத்தாள்.

"இது ஒங்க புள்ள காப்பாத்துன காலும்மா."

உம்மா குனிந்து அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பெற்ற மகள் நான் சுவரோரம் நின்றேன். செத்தும் ஜெயித்துவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

இப்போதெல்லாம் சர்க்கரை சரியாக இருந்தும் புண் ஆறாதவர்கள் வந்தால் நான் யாரையும் திட்டுவதில்லை. முதலில் நாடியைத் தேடுகிறேன். வீட்டில் தினமும் சாயங்காலம் அம்மாவின் காலை வெளிச்சத்தில் பிடித்து விரலிடுக்கு வரை பார்க்கிறேன். "போதும் விடுடி, எவ்ளோ நேரம்" என்று சலித்துக்கொள்கிறாள். நான் விடுவதில்லை. பாதி அவளுக்காக. மீதி, உன்னிடம் இன்னொரு முறை தோற்கக் கூடாது என்பதற்காக.