கையெழுத்து விழாத அசல்

மகளுக்கு,

உன் விலாசத்தைச் சித்தியிடம் வாங்கினேன். நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

அரசுப் பணியில் பதினாறு வருடம், பிறகு வங்கியில் இருபத்திரண்டு வருடம். அந்தக் காகிதங்களையெல்லாம் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கிறேன். பதினொரு பெட்டி. பிரித்து அடுக்க வந்திருக்கும் பெண் கெட்டிக்காரி, துருப்பிடித்த குண்டூசியைக்கூடத் தாள் கிழியாமல் எடுக்கிறாள். நேற்று ஒரு கோப்பை நீட்டி, "சார், இது ஆபீஸ் லெட்டர் மாதிரி தெரியலையே" என்றாள்.

உன் கல்யாணச் செய்திக்கு நான் எழுதிய பதில் அது. வங்கியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. அசலும் பிரதியும் ஒன்றாகவே இருந்தன. அவசரத்தில் பிரதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அசலை வெறுமனே தபால் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்தில்லாத கடிதம் வெளியே போகக் கூடாது என்பது நான் போட்ட உத்தரவு. என் அறைக்குள் வந்து கேட்க அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது. பேசாமல் கோப்பில் வைத்துவிட்டார்கள்.

நீதான் பதில் போடவில்லை என்று இருபது வருடமாக முறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா படித்துவிட்டு, "உங்க சட்டம் உங்களையே பிடிச்சிருச்சு" என்றாள்.

காப்பகத்துக்குப் பிரதி போதுமாம். அசலை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்று காலை கையெழுத்துப் போட்டேன். அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு சரிபார்த்தாள்.

"தேதியை எழுது, நானும் அம்மாவும் முதல் நாளே வந்துவிடுகிறோம்" என்று அதில் இருக்கிறது. கல்யாணத் தேதி போய்விட்டது. வேறு எந்தத் தேதியானாலும் எழுது.

அப்பா