உள்ளே அப்பா இருக்கிறார்

அன்பு மகள் ரோஹிணிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், முதல் வார்த்தையிலேயே பொய் எழுதக் கை வரவில்லை. நீயாவது அந்தக் குளிரில் ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் எந்நேரமும் அப்பா கையில், நான் உன்னோடு பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம். உன் பெரியப்பா மகன் முகிலன் இதைப் போட்டோ எடுத்து உனக்கு மட்டும் அனுப்புவான். முடிச்சூரில் மழை பிடித்துக்கொண்டது, தெருவில் முழங்கால் தண்ணீர், நல்லவேளை வீட்டுக்குள் வரவில்லை. முகிலன் தங்கைக்குப் பல்லாவரத்தில் வரன் அமைந்திருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா வாங்கிய சத்தியத்தை உடைக்கிறேன், சாமி என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். ஆயுத பூஜை அன்று அவருக்குக் காய்ச்சல் என்று சொன்னோமே, அது காய்ச்சல் இல்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கும்பிடுவதுதானே வழக்கம், சொன்னேன், கேட்கவில்லை. நிறுத்தினால் வெள்ளரி வாடிவிடும், நம் பாப்பா குடிலை ஓட்டும் அந்தப் பெட்டியில் கை வைக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்று, ஓடிக்கொண்டிருந்த பசுமைக்குடிலுக்கே பூஜை போட்டார். பம்பு, விசிறி, திரை சுருட்டும் மோட்டார், ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம். ஸ்டூல் போட்டு ஏறி, மேலே இருக்கும் கேமராவுக்கும் நட்டநடுவில் பெரிய பொட்டாக வைத்தார், இது என் பொண்ணு கண்ணாச்சே என்று சிரித்துக்கொண்டே. மத்தியானம் அவர் உள்ளே கொடி கட்டிக்கொண்டிருந்தபோது, குடிலைப் பார்த்துக்கொள்ள நீ அங்கிருந்தே வைத்த ஏஐ ஏஜென்ட், பொட்டு மறைத்த கேமராவில் ஆள் தெரியாமல், யாரும் இல்லை என்று தானே முடிவு பண்ணித் திரையை இறக்கிப் பூச்சி மருந்தை அடித்துவிட்டது. அடிக்கலாமா என்று உன்னைக் கேட்டிருக்கும், நீயும் சரி என்று தட்டியிருப்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, உனக்கு எப்படித் தெரியும். வாந்தியும் மயக்கமுமாக அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் நான் கதறிய கதறலை எந்தத் தாயும் மகளுக்கு எழுத முடியாது.

சரி, பொட்டு வைத்தது நம் தப்பு என்று கேமராவைத் துடைத்தோம். தீபாவளி முடிந்ததும் மறுபடியும் அதே கதை. கொடி ஆள் உயரம் வளர்ந்துவிட்டது, கீழே குந்தி இலை கிள்ளுகிறவர் மேலே இருந்து பார்த்தால் எங்கே தெரிவார்? வேலைக்கு வரும் தனம்தான் இருமல் சத்தம் கேட்டு, இன்னாம்மா நீ, அய்யா உள்ள கீறாரு, மருந்து அடிச்சிகினு கீது என்று அலறிக்கொண்டே ஓடிப்போய்த் திரையை அரிவாளால் கிழித்து அவரை வெளியே இழுத்தாள். ஆள் தெரியவில்லை என்பதும் ஆள் இல்லை என்பதும் ஒன்றா ரோஹிணி? தெரியாவிட்டால் வாசலில் நிற்கிற என்னைக் கேட்க வேண்டாமா? கடல் தாண்டி உன்னைக் கேட்டால் நீ எதைப் பார்த்துச் சொல்வாய்?

இதைவிட எனக்குப் பெரிய கவலை உன் அப்பாதான். உள்ளேயே கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புப் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். இரண்டு தடவையும் அவர் அதைத் தொடவில்லை. கேட்டால், பாப்பா ஏதோ பண்ணுது, நடுவுல நான் கை வெச்சா குழம்பிடும்னு சொல்லியிருக்கு இல்ல என்கிறார். விசிறி சுற்றினால் பாப்பா காத்து விடுது, தண்ணீர் சொட்டினால் பாப்பா தண்ணி ஊத்துது. நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து அவருக்கு அதுதான் நீ. இத்தனைக்குப் பிறகும் விடிந்தால் உள்ளேதான் கிடக்கிறார். இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

முகிலன் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இருக்கிறானே, அங்கே மெஷினுக்குள் இறங்குகிறவன் ஸ்விட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவானாம், அவனே வந்து திறக்காமல் முதலாளி சொன்னாலும் ஓடாதாம். நமக்கும் அப்படிச் செய்து கொடு. உன் ஏஜென்ட் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்தப் பூட்டை மீற முடியக் கூடாது. அதுவரை பொறுக்க முடியாமல் நேற்றுக் காலை நானே போய்ப் பெட்டியின் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டேன். பொண்ணு கையை வெட்டிட்டியேடி என்றார். மண் இல்லாமல் தேங்காய் நார்ப்பையில் நிற்கும் செடிக்குச் சொட்டுநீர் நின்றால் தாங்குமா, நானும் தனமும் குடம் குடமாக மொண்டு ஊற்றியும் பாதிக்கு மேல் தொங்கிவிட்டது. அவர் வெளியே நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எந்தச் சீமையில் இருந்தாலும் ஒரு குறையும் உன்னை அண்டாமல் நம் கங்கையம்மன் காக்கட்டும், தீர்க்காயுசாக இரு. மறக்காமல் இன்றைக்கே போன் போட்டு, அப்பா, இனி மருந்து அடிச்சா அந்தச் சிவப்புப் பட்டனை உங்க கையால அழுத்துங்க, நான் கோச்சுக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லு. என் பேச்சு எடுபடாது. நீ சொன்னால் கேட்பார், நீ சொன்னதற்காகத்தானே அந்த விஷத்துக்குள்ளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இப்படிக்கு,
ப்யூஸ் கட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் உன் அம்மா,
சந்திரிகா