வெண்டைக்காய் என்று ஏன் கத்தினாய்

பெல் ரிவியேர், லூயிசியானா
ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை

என் கண்ணான கெண்ட்ரலுக்கு,

உன் பாட்டி எர்லீன் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அந்த வார்த்தையை எழுதிவிட்டேன், ஆனால் டிவியில் உன் ஃபுட்பால் ஆட்டம் பார்த்த சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பக்கத்து வீட்டு ஐனெஸ், "நீ சொல்லு எர்லீன், நான் எழுதித் தர்றேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவளிடம் சொன்னது ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். போனில் சொல்லாததற்கும் காரணம் இருக்கிறது. போனில் நீ சிரித்துச் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்தாய். "நல்லாத்தான் இருக்கேன் பாட்டி, நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்றாய். சொல்வதற்கு முன்பே சிரித்தாய். ஏழு வயதில் என் நீலக் கிண்ணத்தை உடைத்துவிட்டு நாய்மேல் பழி போட்டாயே, அன்றும் உனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். முடிவெட்டும் கடை வாசலில் பச்சைத் துணியில் "வெண்டைக்காய்!" என்று பெரிதாக எழுதிக் கட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் பையன்கள் ஒருவன் முதுகில் ஒருவன் தட்டி, அதையே கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஐனெஸ் ஒரு கூடை வெண்டைக்காய்க்கு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து வைத்தாள். "உம் பேரன் ஊர் மானத்தக் காப்பாத்திட்டான்டி, இத வெச்சு கும்போ சூப்பு காய்ச்சு" என்றாள். கூடை அப்படியே இருக்கிறது. எனக்கு அதை நறுக்கக் கை வரவில்லை.

பத்திரிகைக்கார டெல்மாஸ் கீட்ரி உனக்கு மார்க் போட்டிருக்கிறான். கை முதல் தரம், கால் இரண்டாம் தரம், மூளை முதல் தரத்துக்கும் மேல். "புதுப் பையன், முதல் ஒத்திகை ஆட்டம், அதிலேயே கடைசி நொடியில் திட்டத்தை மாற்றும் துணிச்சல்" என்று எழுதியிருக்கிறான். இதே டெல்மாஸ்தான் 1984இல் உன் அப்பாவைப் பற்றி, "இரண்டாம் பாதியில் கவனம் சிதறிய பையன்" என்று எழுதினான். அந்தத் துண்டுத்தாள் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. அவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்.

நான் போடும் மார்க்கையும் கேட்டுக்கொள். ஐம்பது வருஷம் மரப்பலகையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவள் நான். உன் மூன்றாவது எறி இருக்கிறதே, இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவில் போனது, அந்தப் பந்து உன் கையை விட்டபோது பிடிக்க வேண்டியவன் இன்னும் திரும்பக்கூட இல்லை. அவன் திரும்பினான், பந்து மார்பில் இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது. கண்ணை வலப்பக்கம் வைத்து இடப்பக்கம் எறிந்ததும் நன்றாக இருந்தது. பந்தைக் கையில் அதிக நேரம் வைத்திருக்கிறாய், அது தப்பு. இடது கால் தாமதமாக வருகிறது, அது சோம்பல். பயிற்சியில் சரியாகிவிடும். நீ தேறுவாய், கெண்ட்ரல். பெரிய ஆட்டக்காரனாக வருவாய். இதை நான் உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

ஆனால் அந்த மார்க் இரண்டாம் கால்பகுதியில் ஏழு நிமிடம் பாக்கி இருக்கும்வரை ஆடியவனுக்கு. அதற்குப் பிறகு ஆடியவன் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐம்பத்து நாலாம் நம்பர்க்காரன் உன்னைத் தூக்கிப் போட்டானே, தலைக்கவசத்தின் பின்பக்கம் தரையில் மோதியதை நான் பார்த்தேன். டிவியில் அதைத் திரும்பக் காட்டவில்லை. நீ சட்டென்று எழுந்து கையைத் தட்டிவிட்டாய். அதனால் யாரும் ஓடிவரவில்லை. அடுத்த இரண்டு முறையும் நீ பந்தை எறியவில்லை, பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தாய். மூன்றாவது முறை எல்லோரும் வரிசையில் நின்ற பிறகு, கையைத் தூக்கி, "வெண்டைக்காய், வெண்டைக்காய்" என்று கத்தினாய். மைதானத்து மைக் அதைப் பிடித்துக்கொண்டது. வர்ணனைக்காரன், "பையனுக்குப் பசி எடுத்துருச்சு போலிருக்கு" என்றான். கூட இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. திட்டத்தை மாற்ற ஒவ்வொரு அணியும் ஒரு சொல் வைத்திருக்கும், அது இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வெண்டைக்காய் உன் இப்போதைய அணியின் சொல் இல்லை. அது உன் பள்ளிக்கூட அணியின் சொல். அதை வைத்தவனே நீதான். வெள்ளிக்கிழமைதோறும் நான் வெண்டைக்காய் ஆக்கிப் போட்டேன் என்ற கோபத்தில், "களத்துல இதக் கத்துனா எதிராளி சிரிச்சே செத்துடுவான் பாட்டி" என்று சொல்லி வைத்தாய். அந்தச் சொல் கேட்டால் ஆட்டம் இடப்பக்கம் திரும்ப வேண்டும். பின்கட்டில் துணி காயப்போடும் கயிற்றுக்கு நடுவே என்னை நிற்கவைத்துக் கத்திக் கத்திப் பழகினாய். எனக்கே மனப்பாடம்.

சனிக்கிழமை உன் கூட்டாளிகள் யாரும் அசையவில்லை. பந்தை வாங்க வேண்டியவன் வலப்பக்கம் ஓடினான். நீ மட்டும் இடப்பக்கம் திரும்பினாய், அங்கே யாரும் இல்லை, பந்தோடு நீயே ஓடிக் கோட்டைத் தாண்டினாய். எல்லோரும் அதைத்தான் மூளை என்கிறார்கள். பேட்டி எடுத்தவனிடம், "எதிரணியக் குழப்பறதுக்குச் சும்மா கத்துனேன்" என்றாய். சொல்வதற்கு முன்பே சிரித்தாய்.

நீ அந்த நேரத்தில் அந்தப் பெரிய மைதானத்தில் இல்லை. அரிசி ஆலைக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றுகொண்டிருந்தாய். உனக்கே இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துதான் சிரிக்கிறாய்.

உன் அப்பாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் முழு ஆட்டமும் பார்த்தான். முடிந்ததும், "பையன் நல்லா எறியறாம்மா. யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டான். உன் வீட்டுப் பிள்ளைதான் அல்சீட் என்றேன். "போம்மா, எனக்கெங்க பிள்ள" என்றான். காலையிலும் கேட்டான். இன்று மத்தியானம் சாப்பிடும்போதும் கேட்டான். இப்போது அடுத்த அறையில் தூங்குகிறான். அடுப்புக்குள்ளிருந்து அவன் செருப்பை எடுத்து வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

இனி எழுதப்போவது நான் எந்தப் பாதிரியாரிடமும் சொல்லாதது.

உன் அப்பாவின் பள்ளிக்கூட அணிக் கோச் எபேர்மேல் எனக்கு இருந்த கோபம் உனக்குத் தெரியும். நாற்பது வருஷம் அவர் நீட்டிய கையை நான் தொடவில்லை. கடையில் அவர் ஒரு வரிசையில் வந்தால் நான் அடுத்த வரிசைக்குப் போவேன். அவர் சவ அடக்கத்துக்கும் போனேன், பெட்டியை மூடுவதைப் பார்க்கத்தான் போனேன். அடிபட்ட பிள்ளையைத் திரும்பக் களத்தில் இறக்கியவர் என்று ஊரெல்லாம் சொன்னது, நான்தான் சொல்லவைத்தேன்.

நடந்தது இது. அன்றைக்கும் முதல் பாதியில்தான் உன் அப்பாவுக்கு அடிபட்டது. இடைவேளையில் கம்பி வேலி ஓரம் வந்தான். "அம்மா, அப்பா வண்டிய எங்க நிறுத்தியிருக்காரு?" என்று கேட்டான். அவன் அப்பாவைப் புதைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பின்னாலேயே கோச் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எர்லீன் அம்மா, பையன் ஒரு மாதிரி இருக்கான். பெத்தவங்க உங்களுக்குத்தான் தெரியும். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, உக்கார வெச்சிடறேன்" என்றார்.

மூன்று வரிசை தள்ளி ஒரு பெரிய கல்லூரியிலிருந்து வந்த ஆள் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கையில் நோட்டுப் புத்தகம். அவனைப் பார்த்தேன். கோச்சைப் பார்த்தேன். "வெளயாட்டாப் பேசறான் கோச். அவங்க அப்பா மாதிரியே கேலிக்காரன்" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரிக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துகொள்.

இரண்டாம் பாதியில் விழுந்தவன் மூன்று நாள் கண் திறக்கவில்லை. பிறகு எழுந்தான், ஆலை வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான், நீ பிறந்தாய். தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவனுக்கு நாற்பத்தைந்து வயது ஆனபோது ஆரம்பித்தது. மீதியை நீயே வீட்டில் இருந்து பார்த்தாய்.

நான் என்ன சொன்னேன் என்று கோச் யாரிடமும் சொல்லவில்லை, தன் மனைவியிடம்கூட. நான் அவரை அவமானப்படுத்திய ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார், அவ்வளவுதான். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அதற்குத்தான் என்று இந்த வயதில் புரிகிறது.

வருகிற சனிக்கிழமை ஆட்டத்தை நீதான் தொடங்குவாய் என்று அறிவித்திருக்கிறார்கள். ஊர் ஆடுகிறது. எனக்குத் தெரியும், அணியில் இருக்கும் தொண்ணூறு பேரை ஐம்பத்து மூன்றாகக் குறைக்க இன்னும் இரண்டே வாரம். உன் இடத்துக்கு மூன்று பேர் நிற்கிறார்கள். தலையில் அடி என்று வாயைத் திறந்தால், உன்னை உட்காரவைத்துவிட்டு அடுத்தவனை இறக்குவார்கள், அவன் நன்றாக ஆடிவிட்டால் உன் கதை அதோடு முடிந்தும் போகலாம். எட்டு வயதிலிருந்து நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா. தெரிந்துதான் கேட்கிறேன். உங்கள் அணி டாக்டரம்மாவிடம் போ. அடிபட்டது, ஊர் பேர் தெரியாமல் போனது, பள்ளிக்கூடச் சொல்லைக் கத்தியது, எல்லாவற்றையும் சொல். விளையாட்டுக்குக் கத்தினேன் என்று மட்டும் சொல்லாதே.

முகாமுக்குப் போன அன்று நீ குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன தாளில் அந்த அம்மாவின் நம்பர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அவரிடம் சொல்லிவிட்டேன் என்று உன்னிடமிருந்து போன் வரவில்லை என்றால், நான் அவருக்குப் போன் போடுவேன். ஒருமுறை என்னிடம் கேட்டபோது பொய் சொன்னேன். இந்தமுறை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். என் பேச்சை எடுக்காதே, என் பெயரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள், என் சவ அடக்கத்துக்கு வந்து பெட்டியை மூடுவதைப் பார்த்துவிட்டுப் போ. கெழவி என் வாழ்க்கையைக் கெடுத்தாள் என்று நாற்பது வருஷம் ஒரு நாள் விடாமல் நினைத்துக்கொண்டிரு. கர்த்தர் உனக்கு அந்த நாற்பது வருஷத்தையும், அதை நினைத்துக்கொள்ளும் புத்தியையும் குறைவில்லாமல் கொடுக்கட்டும். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நீ மறக்காமல் இருக்க வேண்டுகிற
உன் பாட்டி
எர்லீன் பத்தீஸ்த்