கழிவறை வாசலில் சொன்ன திருநாமத்துக்கு நற்சான்று கோருதல்

அனுப்புநர்:
அடைப்பு எடுக்கும் குழாய்க்காரர்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு, மாடி வீடு.
(பெயர் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. காரணம் கீழே.)

பெறுநர்:
பெயர்ப் பதிவு அலுவலர் அவர்கள்,
பெயர்ப் பதிவு அலுவலகம், முதல் மாடி.

பொருள்: பெயர் மாற்றக் கோரி முன்பு கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுதல் – அம்மனுவில் முத்திரை குத்த மறுத்த எழுத்தர் மீது புகார் – என் தந்தைக்கு நற்சான்று வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை எனக்கு இறைவனின் திருநாமத்தைப் பெயராக வைத்தார். ஒன்றை வைத்தால் மற்றவை கோபித்துக்கொள்ளுமோ என்று மூன்று நாமங்களைச் சேர்த்து வைத்தார். பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் புண்ணியம் சேரும் என்பது அவர் எண்ணம். ஆனால் கூப்பிடுவதற்குச் சட்டங்களும் அவரே போட்டார். காலில் செருப்பு இருக்கக் கூடாது. வாய் கொப்பளித்திருக்க வேண்டும். கோபத்தில் சொல்லக் கூடாது. சுருக்கிச் சொன்னால் ஆண்டவனையே சுருக்கியதாக ஆகும். கழிவறைப் பக்கம் நின்று நினைக்கவும் கூடாது. இத்தனையும் கூடி வருவதற்குள் நான் தெருமுனையைத் தாண்டியிருப்பேன். பேர் சொல்லும் பிள்ளை என்பார்கள்; நான் பேர் சொல்ல முடியாத பிள்ளையாக வளர்ந்தேன். வீட்டில் "இவனே", வெளியில் "இந்தாப்பா". பள்ளியில் வருகைப் பதிவின்போது என் முறை வந்தால் ஆசிரியர் எழுந்து நிற்பார், வகுப்பும் எழுந்து நிற்கும், பெஞ்சுகள் இழுபடும் சத்தத்தில் பெயர் மட்டும் கேட்காது.

2. இப்படிப்பட்டவனுக்கு விதி அமைத்துக் கொடுத்த தொழில், ஊரார் வீட்டுக் கழிவறை அடைப்பு எடுப்பது. அதாவது, என் பெயரைச் சொல்லக் கூடாத இடத்தில்தான் என் பிழைப்பு. வாடிக்கையாளர்கள் போனில் பெயரைக் கேட்டதும் பக்தியோடு "ஆஹா" என்பார்கள். நான் நேரில் போய்க் கழிவறைக்குள் இறங்கிவிட்டால், என்னைக் கூப்பிடக் கதவைத் தட்டுவார்கள், இருமுவார்கள், ஒரு அம்மாள் குழாயைக் கரண்டியால் அடித்தார். விசிட்டிங் கார்டு அச்சடித்தேன். அதைப் பின்பாக்கெட்டில் வைத்து யாராவது உட்கார்ந்துவிட்டால் என்ன ஆவது என்று என் தந்தை மொத்தத்தையும் வாங்கிப் பரண் மேல் வைத்துவிட்டார். என்னோடு வேலைக்கு வரும் மச்சான், என் மனைவியின் அண்ணன், கைதட்டித்தான் என்னைக் கூப்பிடுவார். ஒரு தட்டு என்றால் டீ வந்திருக்கிறது. இரண்டு என்றால் போன்.

3. ஆகவே, வேலை நேரத்துக்கு மட்டும் இரண்டெழுத்தில், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் திட்டக்கூடிய ஒரு சாதாரணப் பெயர் வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தங்கள் எழுத்தர் என் பெயரைப் படித்ததும் பேனாவை மூடினார். "இதுமேல எப்படிங்க சீல் குத்துறது? ஆண்டவன் பேரு. அதுவும் ஓங்கிக் குத்தினாதான் விழுது" என்றார். கீழ் அலமாரி காலடியில் இருக்கிறது, மேல் அலமாரியில் பல்லி இருக்கிறது என்று மனுவைத் தன் மேசையிலேயே நிமிர்த்தி வைத்து, காலையில் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறார். என்ன ஆயிற்று என்று கேட்கப் போனால், "உங்க மனு வந்ததுலேர்ந்து ஆபீஸே நல்லாருக்குங்க" என்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதை என் விஷயத்தில்தான் நேரில் கண்டேன். அவர் மீது நடவடிக்கை எடுக்கலாம். கடுமையாக வேண்டாம், நல்ல மனிதர்.

4. இதற்கிடையில் எங்கள் வீட்டுக் குளியலறையோடு சேர்ந்த கழிவறையிலேயே அடைப்பு. மெயின் வால்வை மூடிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையைக் குழிக்குள் விட்டிருந்தேன். என் தலைக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருந்த வாட்டர் ஹீட்டரின் ஆணி கழன்று வந்தது எனக்குத் தெரியாது. வாசலில் நின்ற மச்சான் பார்த்துவிட்டார். ஆனால் அவர் காலில் செருப்பு, வாயில் பிஸ்கட். செருப்பைக் கழற்றிவிட்டார். கொப்பளிக்கத் தண்ணீர் இல்லை, நான்தான் வால்வை மூடியிருந்தேனே. கையைத் தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு, பிறகு விடாமல் தட்டினார். என் வேலையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தேன்.

5. அப்போது கைதட்டல் சத்தம் கேட்டு என் தந்தை சாப்பாட்டு மேசையிலிருந்து ஓடி வந்தார். காலில் செருப்பு, கையில் எச்சில், வாயில் சோறு. கழிவறை வாசலில் நின்று என் மூன்று நாமங்களையும் ஒரே மூச்சில் கத்தி, கூடவே "எந்திரிடா நாயே!" என்றார். நாற்பது வயதில் என் முழுப் பெயரை ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்க்கத் தலையைத் திருப்பி எழுந்தேன். என் தலை இருந்த இடத்தில் ஹீட்டர் விழுந்து தரை ஓடு உடைந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை.

6. இடிந்துபோனது என் தந்தைதான். தான் போட்ட சட்டங்களை ஒரே மூச்சில் மீறிவிட்டதாக நினைத்து, அன்றிலிருந்து அவர் கடவுளைக் கும்பிடவில்லை. சாமி இருக்கும் மூலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். தும்மினால்கூட ஆண்டவனைக் கூப்பிடாமல் வாயைப் பொத்திக்கொள்கிறார். "எந்த வாயால கூப்பிடுவேன்? நாயேன்னு சொல்லிட்டேனே" என்று என் மனைவியிடம் கேட்டாராம். சாப்பாடு பாதியாகிவிட்டது. ஆண்டவன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீ என்ன, அவரு ஆபீஸ்லயா வேலை பாக்குற?" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

7. ஆண்டவனுக்கு அடுத்தபடியாக என் தந்தை நம்புவது அரசாங்க முத்திரையைத்தான். ஓய்வூதியத்துக்காகத் தாம் உயிரோடு இருப்பதாக வருடா வருடம் வாங்கும் சான்றை, நன்றாகப் படித்துப் பார்த்த பிறகே நிம்மதியாக மூச்சு விடுவார். ஆகவே கீழ்க்கண்டவாறு ஒரு சான்று வழங்கிட வேண்டுகிறேன்:

"மேற்படியாரின் தந்தை, செருப்புக் காலோடும் எச்சில் வாயோடும் கழிவறை வாசலில் நின்று, 'நாயே' என்ற சொல்லையும் சேர்த்து, இறைவனின் திருநாமத்தை முழு மரியாதையோடு உச்சரித்தார் எனச் சான்றளிக்கப்படுகிறது."

8. இரண்டெழுத்துப் பெயர் எனக்கு இனி வேண்டாம். என் பெயரை ஒருமுறை கேட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. என் தந்தை திரும்பவும் கூப்பிட வேண்டும், எந்த வாயோடு வேண்டுமானாலும். அதற்காகத்தான் இந்த மனு. இணைப்புத் தாளில் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். முத்திரையைப் பெயர் மேலேயே ஓங்கிக் குத்துமாறு எழுத்தருக்கு உத்தரவிடுங்கள். ஹீட்டரிடமிருந்து ஆளைக் காப்பாற்றிய பெயர் ஐயா அது, ரப்பர் ஸ்டாம்பைத் தாங்காதா?

இடம்: உடைந்த தரை ஓட்டுக்குப் பக்கத்து அறை
நாள்: திங்கட்கிழமை, அப்பா காலைச் சாப்பாட்டை ஒதுக்கிய பின்

இப்படிக்கு,
பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன்
(கையொப்பம்)

இணைப்பு: பெயர், ஒரு தாள். எல்லாத் தாளையும் போல மடித்துத்தான் வைத்திருக்கிறேன்.