துக்க வீட்டில் சொன்ன ‘வாரேன்’

ஐப்பசி 9, திங்கள்
தூறல். கடையில் மூன்று பஞ்சர். வால்டியூப் தீர்ந்துவிட்டது, வாங்கணும். வீட்டுக்குப் புளி.

ஒளியை முந்திக் கலம் ஓட்டியவன், திருவாடானையில் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கிறேன். அதில் வெட்கமில்லை. வெட்கம் வேறு. பெண் பார்த்த அன்று எந்த ஊர் என்று கேட்டார்கள். “வடக்க” என்றேன். மெட்ராஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். நாலு வருடமாகப் பாண்டியம்மாவும் அப்படித்தான் நம்புகிறாள்.

ஐப்பசி 10
அவளுடைய பெரியப்பா தவறிவிட்டார். தொண்டிப் பக்கம். பஸ்ஸில் போனோம்.

மானம் போச்சு. எழுதவே கை கூசுகிறது.

கல்யாணமான புதிதில் கடைக்குக் கிளம்பும்போது “போறேன்” என்றேன். “அப்படிச் சொல்லாதீக. போனவுக திரும்பி வரமாட்டாக. போயிட்டு வாரேன்னு சொல்லணும்” என்றாள். அன்றிலிருந்து கொல்லைக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

இன்று எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மாலை போட்டேன். மச்சான்மார் கையைத் தொட்டேன். கிளம்பும்போது அவளுடைய பெரியம்மா முன்னால் போய்க் கும்பிட்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி: “போயிட்டு வாரேன் அத்தை. கட்டாயம் வாரேன்.”

ஒப்பாரி நின்றுவிட்டது. மூத்த மச்சான் மெதுவாகக் கேட்டார்: “அடுத்து யாரு போவான்னு பாக்க வரப்போறீகளா, மாப்ள?”

பஸ்ஸில் பாண்டியம்மா பேசவில்லை. இறங்கும்போதுதான்: “துக்க வீட்டுல சொல்லாமத்தான் கிளம்பணும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நீங்க நெசமா எந்த ஊரு?”

பஞ்சர் ஒட்டும் சொலூஷன் வாங்கணும் என்றேன்.

ஐப்பசி 12
மழை. இன்னும் பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டேன்.

இலங்கை டிவி தெரியவில்லை என்று ஆன்டெனாவைத் திருப்பக் கூரை ஏறினேன். கம்பி வழியாக ஊரிலிருந்து உத்தரவு. ஆறு வருடத்தில் முதல் தடவை. நாளை மதியம், உப்பளத்தை ஒட்டிய கருவேலங்காடு. ஏறிக்கொள். மறுபடி வரமாட்டோம்.

கீழே அவள்: “இன்னுங் கொஞ்சம் திருப்புங்க, ஆளு ரெண்டாத் தெரியுது.” இரண்டு நாளாகக் கேட்காத குரல். அழுதுவிட்டேன். எங்களுக்குக் கண்ணீர் காது வழியாக வரும். நல்லவேளை, மழை.

இவளுக்கு இனி என்னால் தலைக்குனிவு வேண்டாம். போய்விடுவதுதான் நல்லது.

ஐப்பசி 13, வெள்ளி
நல்ல வெயில். கடை திறக்கவில்லை.

வாசலில் நின்றேன். இன்னொரு பொய் வாயில் வரவில்லை. “போறேன்” என்றேன்.

அகப்பையோடு ஓடிவந்தாள். “என்ன பேச்சு இது? ஒழுங்காச் சொல்லிட்டுப் போங்க.” சட்டையை விடவில்லை.

“போயிட்டு வாரேன்.”

விட்டாள்.

காட்டில் கலம் நின்றது. கதவைத் திறந்து எங்கள் தலைவர் ஏறச் சொன்னார். வீட்டில் வாரேன் என்று சொல்லிவிட்டேன் என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். விளக்கப் பார்த்தேன், அவருக்குப் பிடிபடவில்லை. கும்பிட்டேன். “போறேன்” என்றேன். அவருக்கு மட்டும்.

வீடு வந்தபோது சோறு எடுத்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள்.

“இந்த வெயில்ல காதெல்லாம் ஏன் ஈரமா இருக்கு?”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். முந்தானையால் இரண்டு காதையும் துடைத்துவிட்டாள்.

“ஊரு எங்கிட்டும் இருந்துட்டுப் போகுது. பதினாறாம் நாளுக்கு எங்கூட வாங்க. கிளம்புறப்ப வாயை மட்டும் தொறக்காதீக.”