பட்டாணி சூப்பும் பனி ஆணியும்

கொக்கொலா,
4 அக்டோபர் 1992

அன்புள்ள தௌனோ,

நான் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்ப ஆசை. அக்கா ஹில்க்கா வீட்டு மாடியறை எனக்குப் போதும். ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று வருகிறது. மூடினால் அக்காவின் புத்திமதி வருகிறது.

கடை பிடித்துவிட்டேன். சந்தைச் சதுக்கத்தில் போன வசந்தத்தில் மூடிய வங்கிக் கிளைதான் இடம். வாடகைக்கு ஆள் கிடைத்ததே போதும் என்று கொடுத்துவிட்டார்கள். மதியத்துக்கு மட்டும் கடை. தினம் ஒரு சூப், கறுப்பு ரொட்டி, வெண்ணெய், காபி. வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் இனிப்பு அப்பமும். சிலர் வங்கிக்கு வந்த பழைய பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் புருஷனிடம் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை, தௌனோ. காலணித் தொழிற்சாலை மூடி, நம் இரண்டு பேருக்கும் வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் நம் சாப்பாட்டு மேசை முழுக்க நீ அறுத்துப்போட்ட பூட்ஸ் குதிகள்தான் கிடந்தன. தட்டு வைக்க இடம் தேடித் தேடி அலுத்துவிட்டது. அவ்வளவுதான்.

துவோவி

ஒரிவெசி,
12 அக்டோபர் 1992

அன்புள்ள துவோவி,

கடிதம் கிடைத்தது. கடைக்கு வாழ்த்து. ஆனால் சூப்பா? இந்த நாட்டில் சூப் வைக்கத் தெரியாத வீடு எது? எல்லார் அடுப்பிலும் கொதிக்கிற ஒன்றை எதற்குக் காசு கொடுத்து வாங்குவார்கள்? தொழில் என்றால் மற்றவன் பார்த்துவிட்டு, 'அட, இது நமக்குத் தோணாமப் போச்சே' என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும்.

என்னுடையது அப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். எதிர்வீட்டு லெம்பி அம்மாள் தபால்பெட்டி வரைக்கும் போகப் பயந்து குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பூட்ஸின் குதியில் ஒரு தகடு, அதில் ஆணிகள். தெருப் பனியில் வெளியே திருப்பினால் வழுக்காது. கடைக்குள் போகும்போது உள்ளே மடக்கிவிட்டால் தரையும் கீறாது. பார்த்தவர்கள் எல்லாம் அசந்துபோகிறார்கள். கடுங்குளிரில் தகட்டை மடக்குகிற கீல் மட்டும் இறுகிக்கொள்கிறது. அதைச் சரிசெய்துவிட்டால் முடிந்தது.

உன் செம்பருத்தி செழிப்பாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிறேன்.

தௌனோ

கொக்கொலா,
20 நவம்பர் 1992

அன்புள்ள தௌனோ,

நீ சிரிக்கலாம். அனுமதி தருகிறேன்.

சதுக்கத்து ஓட்டலில் இப்போது என் விலைக்கே இறைச்சியும் கேக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அலுவலகக் கூட்டம் அப்படியே அங்கே போய்விட்டது. நான் எதிலும் குறை வைக்கவில்லை. மணி தவறாமல் திறக்கிறேன், பாத்திரம் பளபளக்கிறது, சூப் கையைச் சுடுகிற சூட்டில் இருக்கிறது. உன்னிடம் நான் ஓயாமல் சொல்வேனே, சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்தாலே தொழில் ஓடும் என்று. ஓடவில்லை. மிச்சத்தை நானும் அக்காவும் குடித்துக் குடித்து, பட்டாணியைக் கண்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்படியே போனால் பனிக்காலம் முடிவதற்குள் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. துறைமுகத்தில் வேலை போன ஆண்கள் தினம் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார்கள். பலகையில் எழுதியதைப் படிக்கிறார்கள். உதவித்தொகை வருகிறது, கையில் காசு இல்லாமல் இல்லை. ஆனால் கதவைத் தள்ளி உள்ளே வர மாட்டேன் என்கிறார்கள். நேற்று ஒருவரைக் கூப்பிட்டேன். "இல்லம்மா, சும்மாதான் பாத்தேன்" என்று ஓடியே போய்விட்டார்.

துவோவி

ஒரிவெசி,
26 நவம்பர் 1992

அன்புள்ள துவோவி,

சிரிக்கவில்லை.

அவர்கள் ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன்தானே. வேலையில்லாதவன் பட்டப்பகலில் ஊர் நடுவே உட்கார்ந்து சாப்பிட மாட்டான். எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் எந்த வீட்டிலும் பெர்ரி பறிக்கிற வாளி ஒன்று இருக்கும். வாளியோடு வந்து வாங்கிப்போகலாம் என்று எழுதிவை. கையில் வாளி இருந்தால் அவன் வேலையில்லாதவன் இல்லை. வீட்டுக்குச் சாப்பாடு வாங்கிப்போகிற மனிதன்.

கீல் இன்னும் இறுகுகிறது. வேறு இரும்பு தேடுகிறேன்.

தௌனோ

கொக்கொலா,
10 ஜனவரி 1993

அன்புள்ள தௌனோ,

வாளி வாளியாகப் போகிறது! இரவல் வாங்கிய இரண்டாவது பானையும் போதவில்லை. அன்று ஓடிப்போன அந்த மனிதர்தான் முதலில் வந்தார். மூடியைத் திறந்து காட்டி, "நாலு பேருக்கு ஊத்துங்கம்மா. பெரிய குடும்பம்" என்றார், கதவுக்கு வெளியிலும் கேட்கிற குரலில். மற்றவர்கள் மறுநாளே வரிசையில் நின்றார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நீ எழுதியது நாலு வரி. அந்த நாலு வரி எனக்கு ஆயுளுக்கும் தோன்றியிருக்காது. அதே சமயம், உன் கடிதம் வந்த அன்றே நான் பலகை எழுதினேன். நீயாக இருந்தால் வாளிக்கு என்ன மூடி பொருத்தம் என்று இன்னமும் வரைந்துகொண்டிருப்பாய். கோபப்படாதே.

லெம்பி அம்மாளுக்கு ஒரு ஜோடியாவது போட்டுக் கொடுத்தாயா?

துவோவி

ஒரிவெசி,
24 ஜனவரி 1993

துவோவி,

போட்டுக் கொடுக்கவில்லை. இனி வேண்டியதும் இல்லை.

தாம்பரேயில் ஒரு பூட்ஸ் கடை ஜன்னலில் அதைப் பார்த்தேன். குதியில் மடங்கும் ஆணி. எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக வந்திருக்கிறது. யாரும் என்னிடமிருந்து திருடவில்லை. வேறொருவனுக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கீல் மட்டம், என்னுடையதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அது கடையில் இருக்கிறது. என்னுடையது மேசையில் இருக்கிறது.

மேசையைத் துடைத்துவிட்டேன். உனக்குத் தட்டு வைக்க இப்போது இடம் தாராளம். நீதான் இல்லை.

தௌனோ

கொக்கொலா,
29 ஜனவரி 1993

என் தௌனோ,

உன் கடிதத்தை அடுப்பங்கரையில் நின்றபடியே படித்தேன். சூப் அடிபிடித்துவிட்டது.

இங்கே வந்துவிடு. பரிதாபப்பட்டுக் கூப்பிடவில்லை. பானைகளைத் தனியாகத் தூக்க முடியவில்லை, பேச்சுத்துணைக்கும் ஆள் இல்லை. உனக்கு யோசனைகள் வரட்டும், நான் பலகை எழுதுகிறேன். அக்கா முணுமுணுப்பாள், அதைப் பார்த்துக்கொள்ளலாம். எந்த ரயில் என்று மட்டும் எழுது.

துவோவி

ஒரிவெசி,
21 பிப்ரவரி 1993

அன்புள்ள துவோவி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இதைப் படித்து வருத்தப்படாதே. என்னால் இப்போது வர முடியாது.

உன் கடிதம் வந்ததும் பெட்டி கட்டினேன். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பூட்ஸ் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மனசு ஆறாது என்று தாம்பரே போனேன். "இந்தக் கீல் பனியில தாங்காது, தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? அந்தக் கூடையப் பாருங்க. அத்தனையும் திரும்பி வந்தது. குறை சொல்ல ஊர் பூரா ஆள் இருக்கு. உங்களுக்குச் சரிபண்ணத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது?

கூடையோடு வீட்டுக்கு வந்தேன். என் கீலை அவர்கள் தகட்டில் பொருத்தினேன். என்னுடையதும் முழுசாகச் சரியில்லைதான், குளிரில் கொஞ்சம் முனகுகிறது. ஆனாலும் மடங்குகிறது. முதல் ஜோடியை லெம்பி அம்மாள் பூட்ஸில் அடித்துக் கொடுத்தேன். தபால்பெட்டி வரைக்கும் போனாள். அங்கே நிற்காமல் தேவாலயம் வரைக்கும் போய்விட்டாள். "இனிமே என்னைப் பிடிக்க முடியாதுடா" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள். அதற்குப் பிறகு கதவு ஓய்வதில்லை. முதியோர் இல்லத்திலிருந்து ஒரு மூட்டை பூட்ஸே வந்திருக்கிறது. கீல் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "செவ்வாய்க்கிழமைக்குள்ள ஆகுமா?"

ஆகும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பனி உருகுகிறவரை இந்த இடத்தைவிட்டு நகர முடியாது. நீ கூப்பிட்டும் வராமல் இருக்கிறேன். மன்னித்துவிடு.

தௌனோ

கொக்கொலா,
25 பிப்ரவரி 1993

என் அன்புத் தௌனோ,

நீ வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்டி, அவன் என்னைக்குச் சொன்னபடி வந்திருக்கான்?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில், செவ்வாய்க்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. உன் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கடையை ஒரு வாரம் அக்கா பார்த்துக்கொள்கிறாள். முணுமுணுத்துக்கொண்டேதான், ஆனால் பார்த்துக்கொள்கிறாள். சனிக்கிழமை வாளிகள் போனதும் ரயில் ஏறுகிறேன்.

ஸ்டேஷனுக்கு வராதே. வேலையை விட்டு எழுந்திருக்காதே. வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது.

உன் துவோவி