வீதிப்பக்கத்துப் பாதி

தம்பிக்கு,

காலையிலயிருந்து மூண்டு தரம் லிஃப்ட்டில கீழ போய், கடலைப் பாத்திட்டுத் திரும்பி வந்திட்டன். ஒரு இடத்தில இருக்க ஏலாமக் கிடக்கு.

அப்பான்ர வயலைப் பிரிக்கேக்க, "அக்கா, நீங்கள் குளத்துப் பக்கத்தை எடுங்கோ" எண்டு சொன்னாய். கொழும்பில, வெள்ளவத்தையில இருக்கிறவளுக்கு ரோட்டோரக் காணிதானே காணி. அதை நீ அமத்தப் பாக்கிறாய் எண்டு நினைச்சு, வீதிப்பக்கத்தையே அடம்பிடிச்சு வாங்கினன்.

ரெண்டையும் நீதான் விதைச்சாய். உன்ர பாதியில இருபது மூட்டை நெல்லு, என்ர பாதியில பதினைஞ்சு எண்டாய். என்ர காசில வாங்கின பசளையையும் உன்ர பக்கம் எறிஞ்சிட்டாய் எண்டு ஊர் கேக்கக் கத்தினன். அதோட நாங்கள் கதைக்கிறேல்ல.

உன்னைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் போன மாதம் நீ இல்லாத நேரம் வந்து, ரெண்டு பக்கத்து மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்தனான். கிருலப்பனையில மண் பரிசோதிக்கிற பிள்ளை ஒருத்தி இண்டைக்குச் சொன்னாள், குளத்துப் பக்கம் களிமண்ணாம், தண்ணி நிக்குமாம். வீதிப்பக்கம் ஒரு அடிக்குக் கீழ வெறும் மணலாம். எவ்வளவு பசளை போட்டாலும் பத்து மூட்டைக்கு மேல வராதாம்.

நீ எனக்குப் பதினைஞ்சு தந்தனீ.

இதுக்குப் பதில் எழுதாத. வெள்ளிக்கிழமை பஸ்ஸில வாறன். படலையைப் பூட்டாம விடு.

அக்கா